பெயர் முந்தியா, ஆட்டம் முந்தியா? வீடியோ கேம் உலகின் இணைய முகவரி வழக்குகள்

2013 மே 21 அன்று, அமெரிக்காவின் ரெட்மண்ட் நகரில் மைக்ரோசாஃப்ட் தன் புதிய கேம் கன்சோலை அறிமுகப்படுத்தியது. அன்றுவரை அதன் பெயரை வெளியே கசியவிடாமல் காத்திருந்தார்கள். நிறுவனத்துக்குள் அதற்கு 'டுராங்கோ' என்று மறைபெயர். ரசிகர்களோ 'எக்ஸ்பாக்ஸ் 720' என்று தாங்களாகவே ஒரு பெயர் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேடையில் அறிவிக்கப்பட்ட பெயர் 'எக்ஸ்பாக்ஸ் ஒன்'. ஆனால் எக்ஸ்பாக்ஸ்ஒன்.காம் என்ற இணைய முகவரி அப்போது மைக்ரோசாஃப்டிடம் இல்லை. பிரிட்டனைச் சேர்ந்த ஒருவர் 2011 டிசம்பரிலேயே அதைப் பதிவு செய்து வைத்திருந்தார். அடுத்த சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் புகார் கொடுத்தது. எக்ஸ்பாக்ஸ்ஒன்.நெட் என்ற முகவரியும் அந்தப் புகாரில் சேர்ந்தது. ஜூலைக்குள் இரண்டும் அதன் கைக்கு வந்துவிட்டன.

இதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 2012-இல், நின்டெண்டோவும் ஏறக்குறைய இதே நிலையில் இருந்தது. 2011 ஜூனில் அது 'வீ யூ' என்ற கன்சோலை அறிவித்திருந்தது. வீயூ.காம் வேறொருவரிடம் இருந்தது. நின்டெண்டோவும் புகார் கொடுத்தது. ஆனால் அதன் புகார் தள்ளுபடியானது. அந்தக் கன்சோலின் காலம் முழுக்க நின்டெண்டோ தன் சொந்தத் தளத்துக்குள் ஒரு பக்கமாகவே அதை விளம்பரப்படுத்த வேண்டியிருந்தது.

இரண்டுமே உலகப் புகழ்பெற்ற நிறுவனங்கள், இரண்டிடமும் வலுவான டிரேட்மார்க் இருந்தது, வழக்கறிஞர்களுக்கும் குறைவில்லை. அப்படியிருந்தும் ஒன்று வென்றது, மற்றொன்று தோற்றது. ஏன் என்று பார்த்தால், இந்தத் துறையில் முகவரிச் சண்டைகள் எந்த விதியின்மேல் நிற்கின்றன என்பது விளங்கிவிடும். அந்த விதி நியாயமானது என்பது என் கருத்து. அதை நெகிழ்த்த வேண்டும் என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைப் போகப்போகச் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. டிரேட்மார்க் என்பது நாடுவாரியாக, பொருள்வாரியாகக் கிடைக்கும் உரிமை. 'லட்சுமி' என்ற பெயரில் ஒரே தெருவில் மாவு மில்லும் இருக்கலாம், நகைக்கடையும் இருக்கலாம். வாடிக்கையாளர் குழம்பாதவரை சட்டம் இருவரையும் விட்டுவிடும். இணைய முகவரியில் அந்த வசதி கிடையாது. ஒரு பெயருக்கு உலகம் முழுவதற்கும் ஒரே ஒரு டாட் காம்தான். முதலில் கேட்டவருக்கு அது கிடைக்கும். பதிவு செய்யும் நிறுவனம் 'இந்தப் பெயரில் வேறு யாருக்காவது டிரேட்மார்க் இருக்கிறதா' என்று பார்ப்பதே இல்லை. சில டாலர் கட்டணத்தைக் கட்டினால் போதும். பகிர்ந்துகொள்ளக்கூடிய ஓர் உரிமையும், பகிரவே முடியாத ஒரு பொருளும் ஒரே சொல்லின்மேல் வந்து உட்காரும்போது மோதல் தவிர்க்க முடியாதது.

இந்த மோதலின் முதல் அலையில் சிக்கியது வீடியோ கேம் அல்ல, பலகை விளையாட்டு. அமெரிக்கக் குழந்தைகள் பல தலைமுறைகளாக விளையாடிவரும் 'கேண்டி லேண்ட்' என்ற ஆட்டத்தின் உரிமையாளர் ஹாஸ்ப்ரோ. 1990-களின் நடுவில் கேண்டிலேண்ட்.காம் என்ற முகவரியில் வயதுவந்தோருக்கான ஆபாசத் தளம் ஒன்று இயங்கியது. 1996 பிப்ரவரியில் வாஷிங்டன் மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. புகழ்பெற்ற முத்திரையின் மதிப்பைக் கெடுப்பதைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. ஹாஸ்ப்ரோவுக்கு அது நேரத்தில் உதவியது. குழந்தைகளின் விளையாட்டுப் பெயரைத் தேடிப் போகும் ஒரு குழந்தை எங்கே போய் நிற்கும் என்பதை யோசித்தால், அந்தத் தீர்ப்பை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அதே ஹாஸ்ப்ரோ இன்னொரு வழக்கும் போட்டது. அதன் 'கிளூ' என்ற துப்பறியும் பலகை ஆட்டமும் பெயர்பெற்றதுதான். ஆனால் கிளூ.காம், கொலராடோவில் இயங்கிய கிளூ கம்ப்யூட்டிங் என்ற மிகச் சிறிய கணினி ஆலோசனை நிறுவனத்திடம் 1994-இலிருந்தே இருந்தது. அவர்கள் தங்கள் நிறுவனப் பெயரைத்தான் பதிவு செய்திருந்தார்கள். ஹாஸ்ப்ரோவின் ஆட்டத்தை விற்கவும் இல்லை, முகவரியை ஹாஸ்ப்ரோவிடம் விலை பேசவும் இல்லை. 1999-இல் மாசசூசெட்ஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தச் சிறு நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. ஆலோசனைக்காரரின் தளத்தைப் பார்த்து யாரும் பலகை ஆட்டம் என்று குழம்பப் போவதில்லை. 'கிளூ' என்பது பலரும் பல தொழில்களில் பயன்படுத்தும் சாதாரணச் சொல். பெரிய நிறுவனம் என்பதற்காகவே ஒரு சொல்லின் எல்லா மூலைகளும் அதற்குச் சொந்தமாகிவிடாது என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்பதற்கு, ஒரு சின்ன நிறுவனம் ஆண்டுக்கணக்கில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தது. இதை மறக்கக் கூடாது.

நீதிமன்றச் செலவும் தாமதமும் இரு தரப்புக்கும் சுமையாக இருந்ததால்தான் 1999-இல் ஒரு மாற்று வழி வந்தது. இணைய முகவரிகளை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு, யு.டி.ஆர்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரே சீரான முகவரித் தகராறுக் கொள்கையைக் கொண்டுவந்தது. இது எந்த நாட்டின் சட்டமும் அல்ல. டாட் காம், டாட் நெட் போன்றவற்றில் முகவரி பதியும்போது நாம் படிக்காமல் ஒப்புக்கொள்கிற ஒப்பந்தத்துக்குள்ளேயே அது இருக்கிறது. 'யாராவது டிரேட்மார்க் வைத்திருப்பவர் புகார் கொடுத்தால் நடுவர் விசாரணைக்கு உட்படுகிறேன்' என்று பதிவு செய்யும் ஒவ்வொருவரும் சம்மதித்துவிடுகிறோம். ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பின் நடுவர் மையமும், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் நேஷனல் ஆர்பிட்ரேஷன் ஃபோரம் என்ற பெயரில் இயங்கி இப்போது ஃபோரம் என்று மட்டும் அழைக்கப்படும் நிறுவனமும் இந்த வழக்குகளில் பெரும்பகுதியை நடத்துகின்றன. ஜெனீவா மையத்தின் முதல் வழக்கே வேர்ல்டு ரெஸ்லிங் ஃபெடரேஷன், அதாவது நம் வீட்டுக் குழந்தைகள் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த அந்த மல்யுத்த நிறுவனம், தன் பெயரிலான முகவரிக்காகக் கொடுத்த புகார். அதை வைத்திருந்தவர் 1,000 டாலருக்கு விற்க முன்வந்திருந்தார். 2000 ஜனவரியில் முகவரி நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது.

புகார் கொடுப்பவர் மூன்றை நிரூபிக்க வேண்டும். முகவரி தன் முத்திரையைப் போலவோ, குழப்பும் அளவுக்கு நெருக்கமாகவோ இருக்கிறது. வைத்திருப்பவருக்கு அந்தப் பெயரில் நியாயமான உரிமையோ அக்கறையோ இல்லை. அவர் அதைக் கெட்ட நோக்கத்தோடு பதிவு செய்து, கெட்ட நோக்கத்தோடு பயன்படுத்தியும் வருகிறார். ஜெனீவாவில் ஒரே நடுவர் என்றால் கட்டணம் 1,500 டாலர். எதிர்த்தரப்புக்குப் பதில் தர 20 நாட்கள். எல்லாம் எழுத்திலேயே நடக்கும்; சாட்சிக் கூண்டும் இல்லை, குறுக்கு விசாரணையும் இல்லை. நடுவர் செய்யக்கூடியது, முகவரியை மாற்றிக் கொடுப்பது, ரத்து செய்வது, இல்லாவிட்டால் புகாரைத் தள்ளுவது, அவ்வளவுதான். நஷ்டஈடு கிடையாது. பணமும் வேண்டும் என்பவர்கள் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போவார்கள். அதே 1999-இல் வந்த அமெரிக்கச் சட்டத்தின்படி ஒரு முகவரிக்கு 1,000 டாலரிலிருந்து 1,00,000 டாலர்வரை நீதிமன்றம் விதிக்க முடியும்.

இந்த ஏற்பாடு எல்லாத் தொழில்களுக்கும் பொது. ஆனால் வீடியோ கேம் துறைக்கு அதில் தனி இடம் உண்டு. அந்தத் தொழில் பெயர் வைக்கும் முறைதான் காரணம். சோப்பு நிறுவனம் பத்தாண்டுக்கு ஒரு புதுப் பெயர் வைத்தால் அதிகம். கேம் நிறுவனமோ வெற்றிபெற்ற ஆட்டத்துக்கு 2, 3, 4 என்று எண் போட்டுக்கொண்டே போகும். இரண்டாம் பாகம் கோடிக்கணக்கில் விற்கும்போதே மூன்றாம் பாகத்தின் பெயர் என்னவாக இருக்கும் என்று பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்லிவிடுவான். இதோடு ரகசியமும் சேர்கிறது. பெயரை அறிவிக்கும் நாளை ஒரு திருவிழாவாக நடத்துவது இந்தத் தொழிலின் வழக்கம். முன்கூட்டியே முகவரியைப் பதிவு செய்தால், பதிவேடுகளைக் கண்காணிக்கும் ரசிகர்கள் அன்றைக்கே கண்டுபிடித்து ஊருக்குச் சொல்லிவிடுவார்கள். பதிவு செய்யாமல் காத்திருந்தால் ஊகித்தவர் முந்திக்கொள்வார். பெயர்க் காப்பு நிறுவனங்களை அமர்த்திக்கொண்டு, வரப்போகாத பெயர்களையும் சேர்த்துப் பதிவு செய்து திசைதிருப்புவது இந்தச் சிக்கலிலிருந்து பிறந்த உத்தி.

ஊகித்து முந்தியவர்களின் கதைகளில் மிகவும் பேசப்பட்டது 2011-இல் நடந்தது. ஆக்டிவிஷனின் 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 3' அந்த ஆண்டு நவம்பர் 8 அன்று வெளிவர இருந்தது. அதன் நேர்ப் போட்டியாளர், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிடும் 'பேட்டில்ஃபீல்ட் 3', அதற்கு இரண்டு வாரம் முன்பு, அக்டோபர் 25 அன்று வர இருந்தது. இரு தரப்பு ரசிகர்களும் கட்சி கட்டி மோதிக்கொண்டிருந்த சமயம். மாடர்ன்வார்ஃபேர்3.காம் என்று தட்டினால், முதலில் ஆக்டிவிஷனின் ஆட்டத்தைக் கேலி செய்யும் பக்கம் வந்தது. பிறகு அந்த முகவரி நேராக பேட்டில்ஃபீல்டின் அதிகாரபூர்வத் தளத்துக்கே கொண்டுபோய்விட்டது. பதிவு செய்தவரின் பெயர் மறைப்புச் சேவைக்குப் பின்னால் இருந்தது. ஜூலையில் ஆக்டிவிஷன் ஃபோரத்தில் புகார் கொடுத்தது. செப்டம்பரில், ஆட்டம் வெளிவருவதற்கு முன்பே, முகவரி அதன் பக்கம் வந்தது.

இந்த வழக்கில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு பொருளைக் குறைகூறித் தளம் நடத்துவது தன்னளவில் தவறல்ல, யு.டி.ஆர்.பி. விதியே வணிக நோக்கமற்ற நியாயமான பயன்பாட்டைப் பாதுகாக்கிறது. 'இந்த ஆட்டம் மோசம்' என்று காரணம் காட்டி எழுதும் தளத்துக்கு, வாசகர் பார்த்ததுமே விமர்சனத் தளம் என்று புரியும் ஒரு பெயரும் இருந்திருந்தால், கதை வேறாகப் போயிருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஆட்டத்தின் பெயரையே அப்படியே எடுத்துக்கொண்டு, அதைத் தேடி வருபவரைப் போட்டியாளரின் கடைவாசலில் இறக்கிவிட்டால் அதை விமர்சனம் என்று சொல்ல முடியாது. கருத்துரிமைக்காகப் பேசுபவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லா விமர்சனத் தளத்தையும் முடக்க நினைக்கும் நிறுவனங்களுக்கும் இதே வித்தியாசம்தான் பதில்.

இப்போது எக்ஸ்பாக்ஸுக்கும் வீ யூவுக்கும் திரும்பலாம். மூன்றாவது நிபந்தனையை மறுபடி படியுங்கள். பதிவு செய்தபோதும் கெட்ட நோக்கம் இருந்திருக்க வேண்டும், பயன்படுத்துவதிலும் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் போதாது. எக்ஸ்பாக்ஸ்ஒன்.காம் பதிவான 2011 டிசம்பரில் 'எக்ஸ்பாக்ஸ் ஒன்' என்ற பொருள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் 'எக்ஸ்பாக்ஸ்' இருந்தது. 2001-இலிருந்து உலகம் முழுக்க விற்றுவந்த, வேறு எந்தப் பொருளும் தராத, புனைந்து உருவாக்கப்பட்ட பெயர் அது. அதன் பின்னால் எந்தச் சொல்லை ஒட்டினாலும், ஒட்டியவர் மனதில் மைக்ரோசாஃப்ட் இருந்திருக்கிறது என்று முடிவுகட்டுவதில் தவறில்லை. வீயூ.காம் முதலில் பதிவானதோ 2004-இல். அந்த ஆண்டில் 'வீ யூ' மட்டுமல்ல, 'வீ' என்ற பெயரே உலகில் இல்லை. நின்டெண்டோ அந்தக் கன்சோலுக்கு 'ரெவல்யூஷன்' என்ற மறைபெயரைத்தான் வைத்திருந்தது. 'வீ' என்று அறிவித்தது 2006 ஏப்ரலில். பிறக்காத ஒரு பெயரைத் திருட வேண்டும் என்று எவரும் 2004-இல் திட்டமிட்டிருக்க முடியாது.

பெயரை யார் பிரபலமாக்கினார்கள் என்பது இங்கே கேள்வியே அல்ல. பதிவு செய்த நாளில் பதிவு செய்தவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதுதான் கேள்வி. அதனால்தான் இந்த வழக்குகளில் காலண்டர் முக்கியமான சாட்சியாகிறது. முகவரி இடையில் கைமாறியிருந்தால், வாங்கியவரைப் பொறுத்தவரை வாங்கிய நாளையே பதிவு நாளாகக் கொள்வார்கள். பழைய முகவரியை இன்றைக்கு வாங்கிவிட்டு 'இது 2004-இலிருந்தே இருக்கிறது' என்று சொல்லித் தப்ப முடியாது. அதேபோல, முகவரியை வெறுமனே பூட்டி வைத்திருந்தாலும் அது கெட்ட நோக்கமான பயன்பாடாகலாம் என்பதும் நிலைபெற்ற கருத்து. ஆஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ரா தொலைபேசி நிறுவனத்தின் வழக்கில் 2000-இலேயே அது முடிவானது. ஆக, விதி பலவீனமானது அல்ல. ஏமாற்ற நினைத்தவரைப் பிடிக்க அதில் போதிய பற்கள் இருக்கின்றன. பின்னால் வந்து பெரிதானவர், முன்னால் வந்த சிறியவரை எழுப்பிவிடுவதை மட்டுமே அது அனுமதிப்பதில்லை.

அப்படி எழுப்பிவிட முயல்வதற்கும் யு.டி.ஆர்.பி. ஒரு பெயர் வைத்திருக்கிறது: தலைகீழ் முகவரிக் கடத்தல். வெல்ல முடியாது என்று தெரிந்தே, அச்சுறுத்திப் பறிப்பதற்காகப் புகார் கொடுத்தால் நடுவர் அதைத் தீர்ப்பில் பதிவு செய்யலாம். முதலில் விலைக்குக் கேட்டு, படியாததால் பிறகு புகார் கொடுக்கும் நிறுவனங்கள்மேல் இந்தக் குற்றச்சாட்டு அதிகம் விழுகிறது. ஆனால் அபராதம் ஒரு காசுகூடக் கிடையாது. தீர்ப்பில் ஒரு வாக்கியம், அவ்வளவே. மறுபக்கம், தன் முகவரியைக் காத்துக்கொள்ள நினைக்கும் தனிநபர் மூன்று நடுவர் வேண்டும் என்று கேட்டால், ஜெனீவாக் கட்டணம் 4,000 டாலராக உயர்ந்து அதில் பாதியை அவர் ஏற்க வேண்டும். வழக்கறிஞர் செலவு தனி. பெரும்பாலான வழக்குகளில் எதிர்த்தரப்பு பதிலே தருவதில்லை. அவர்களில் பலர் உண்மையிலேயே மோசடிக்காரர்கள். ஆனால் 20 நாளுக்குள் வேற்றுமொழிச் சட்டக் கடிதத்துக்குப் பதில் எழுத வழி தெரியாமல் போனவர்களும் அதில் இருப்பார்கள் என்பது என்னைத் தொந்தரவு செய்கிறது. 2023-இல் ஜெனீவா மையத்துக்கு மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன.

ரசிகர்களின் தளங்களைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயம் முழுமையாகாது. கேம் உலகம் ரசிகர்கள் கட்டிய தளங்களின் மேல்தான் வளர்ந்தது. ஆட்டத்தின் வழிகாட்டி, வரைபடம், குறைகளைச் சரிசெய்யும் இணைப்புகள், கலைக்களஞ்சியம் என எல்லாவற்றையும் சம்பளம் வாங்காதவர்கள் எழுதினார்கள். அந்தத் தளங்களின் பெயரில் ஆட்டத்தின் பெயர் இல்லாமல் எப்படி இருக்கும்? இதில் நடுவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி முடிவெடுப்பதில்லை. பொதுவாக, தளம் உண்மையிலேயே இயங்க வேண்டும், அந்த ஆட்டத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும், வணிகம் கலக்கக் கூடாது என்று பார்க்கிறார்கள். முத்திரையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ரசிகர் தளம் என்று காட்டும் ஒரு சொல் சேர்ந்திருந்தால் வாய்ப்பு கூடும். விளம்பரம் போட்டுச் சேவைக்கணினிச் செலவைத் தேற்றினால் அது வணிகமா என்ற கேள்விக்கு உறுதியான பதில் கிடையாது. விற்பனையாளருக்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் இருக்கிறது. அச்சுப்பொறி நிறுவனமான ஓகி டேட்டாவின் 2001 வழக்கில் வந்தது. அந்த முத்திரையுள்ள பொருளை மட்டும் உண்மையாக விற்று, நிறுவனத்தோடு தனக்குள்ள உறவை வெளிப்படையாகச் சொன்னால் பெயரைப் பயன்படுத்தலாம். ரசிகருக்கும் இப்படி ஒரு தெளிவு கிடைத்திருக்க வேண்டும்.

ரசிகர் தளத்தின் பெயர் எவ்வளவு பெரிய சொத்தாகும் என்பதற்கு 'டோட்டா' ஒரு சான்று. பிளிசார்ட் நிறுவனத்தின் 'வார்கிராஃப்ட் 3' ஆட்டத்துக்குள் ரசிகர்கள் வடித்த வரைபடம், அதாவது அதற்குள்ளேயே ஆடும் ஒரு தனி ஆட்டம், அது. அதன் விளையாட்டாளர்கள் கூடிய இடம் டோட்டா-ஆல்ஸ்டார்ஸ்.காம். அதை நடத்தியவர் பின்னர் ரையட் கேம்ஸ் என்ற வேறொரு கேம் நிறுவனத்தில் சேர்ந்தார். 2010-இல் தளம் மூடப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் 'டோட்டா' என்ற பெயருக்கு டிரேட்மார்க் கேட்டது. சில நாட்களிலேயே, அப்போது ரையட்டின் கையில் இருந்த டோட்டா-ஆல்ஸ்டார்ஸ் நிறுவனமும் அதே பெயரைக் கேட்டது. அடுத்த ஆண்டு பிளிசார்ட் அந்த நிறுவனத்தையே ரையட்டிடமிருந்து வாங்கி வால்வை எதிர்த்தது. 2012 மே மாதம் சமரசம்: வணிக உரிமை வால்வுக்கு, வணிகமற்ற பயன்பாடு மற்றவர்களுக்கு. பெயரை உண்டாக்கிப் பரப்பிய ஆயிரக்கணக்கான விளையாட்டாளர்கள் இந்தப் பேச்சில் எந்த இடத்திலும் கட்சிக்காரர்களாக இல்லை.

முகவரி கிடைக்காதபோது எல்லோரும் வழக்குக்குப் போவதில்லை. பலர் சுற்றிக்கொண்டு போகிறார்கள். வால்வின் ஸ்டீம் என்ற இணைய கேம் கடை ஆரம்பம் முதலே ஸ்டீம்பவர்ட்.காம் என்ற முகவரியில்தான் இருக்கிறது. நீராவி என்ற சாதாரணச் சொல்லுக்கு யாரும் தனியுரிமை கோர முடியாது. பங்கியின் 'டெஸ்டினி' ஆட்டம் டெஸ்டினிதிகேம்.காம் என்று வந்தது. 'ஹார்த்ஸ்டோன்', 'ஓவர்வாட்ச்', 'வலோரண்ட்' மூன்றும் பெயருக்கு முன்னால் 'பிளே' சேர்த்துக்கொண்டன. கேம் தளங்களில் இன்று இது ஒரு மரபாகவே ஆகிவிட்டது. பெரிய நிறுவனங்கள் வேறொரு வழியும் கண்டன: 2012-இல் ஐகான் புதிய முகவரி ஈறுகளுக்கு விண்ணப்பம் கேட்டபோது, ஒரு விண்ணப்பத்துக்கு 1,85,000 டாலர் கட்டணத்தில், மைக்ரோசாஃப்ட் டாட் எக்ஸ்பாக்ஸையும் சோனி டாட் பிளேஸ்டேஷனையும் பெற்றன. சிறிய படைப்பாளிகள் இந்தியப் பெருங்கடலின் பிரிட்டிஷ் தீவுகளுக்கான டாட் ஐஓ ஈற்றை எடுத்துக்கொண்டார்கள். 2015-இல் வந்த அகார்.ஐஓ, மறுஆண்டு ஸ்லிதர்.ஐஓ. கடைசியில் உலாவியில் பலர் சேர்ந்து ஆடும் அந்த வகைக்கே 'ஐஓ கேம்' என்று பெயர் வந்துவிட்டது.

நிறுவனங்களின் பக்கம் முழு நியாயமும் இருக்கும் இடம் ஒன்று உண்டு. அதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஸ்டீம் சமூகத் தளத்தின் முகவரியில் ஆங்கில 'எம்' எழுத்துக்குப் பதிலாக 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி எழுதினால், கைப்பேசித் திரையில் வித்தியாசமே தெரியாது. அப்படிப்பட்ட போலித் தளங்களில் கடவுச்சொல்லைக் கொடுத்து, பல ஆண்டுகள் சேர்த்த கணக்கையும் அதிலுள்ள விலைமதிப்புள்ள 'ஸ்கின்'களையும் (ஆட்டத்துக்குள் ஆயுதங்களுக்கும் பாத்திரங்களுக்கும் போடும் அலங்காரத் தோற்றங்கள்) இழந்தவர்கள் ஏராளம். 'இலவச வீ-பக்ஸ்' என்று ஃபோர்ட்நைட் சிறுவர்களையும், 'இலவச ரோபக்ஸ்' என்று ரோப்லாக்ஸ் குழந்தைகளையும் அந்த ஆட்டங்களில் செலவழிக்கும் பணத்தைக் காட்டி இழுக்கும் முகவரிகளும் இந்த வகைதான். இங்கே ஏமாறுவது பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். யு.டி.ஆர்.பி. இவ்விடத்தில் நத்தை வேகம். தீர்ப்பு வர ஒன்றிரண்டு மாதம். போலித் தளமோ ஒரு வார இறுதியில் வேலையை முடித்துவிட்டு அடுத்த முகவரிக்குத் தாவிவிடும். 2018 மே மாதம் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் பதிவேட்டில் உரிமையாளரின் பெயரும் பெரும்பாலும் மறைக்கப்படுகிறது. தனிமனித ரகசியத்துக்கு அது நல்லது. ஒரே ஆள் நூறு போலி முகவரி வைத்திருப்பதைக் கோத்துக் காட்டுவது கடினமாகிவிட்டது.

இந்தியாவுக்கும் இதில் நேரடித் தொடர்பு இருக்கிறது. 2019 அக்டோபரில், சோனிக்குச் சில மாதம் முன்பே, தில்லியைச் சேர்ந்த ஒருவர் இங்கே 'பிஎஸ்5', அதாவது பிளேஸ்டேஷன் 5 கன்சோலின் சுருக்கப் பெயருக்கு டிரேட்மார்க் விண்ணப்பித்தார். நான்கு பாகம் வந்த பிறகு ஐந்தாவது வரும் என்பதை ஊகிக்க முடியாமல் போனது சோனியின் இந்தியப் பிரிவுக்கு மட்டும்தான் போலத் தோன்றியது. சோனி எதிர்த்தது, பின்னர் அந்த விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. மற்ற நாடுகளில் 2020 நவம்பரில் வந்த கருவி இந்தியாவில் 2021 பிப்ரவரி 2 அன்றுதான் விற்பனைக்கு வந்தது. தாமதத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது.

முகவரியைப் பொறுத்தவரை, இந்தியச் சட்டத்தின் அடித்தளம் பெங்களூரிலிருந்து போன ஒரு வழக்கில் அமைந்தது. சிஃபி என்று நாம் அறிந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனம், தன் பெயருக்கு நெருக்கமான 'சிஃப்பிநெட்' முகவரிக்கு எதிராகப் போராடி உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2004 மே மாதத் தீர்ப்பில், இணைய முகவரியும் வணிகப் பெயரைப் போலவே பாதுகாக்கத்தக்கது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முகவரிகளுக்கென்று தனிச்சட்டம் இல்லாத நாட்டில் இன்றும் கேம் நிறுவனங்கள் போலித் தளங்களுக்கு எதிராக உயர் நீதிமன்றங்களுக்குப் போகும்போது அந்தத் தீர்ப்பின் மேல்தான் நிற்கின்றன.

ஆனால் டாட் இன் முகவரி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய வேறொன்று இருக்கிறது. டாட் இன் பதிவேட்டை நடத்தும் நிக்ஸி அமைப்புக்குத் தனித் தகராறுக் கொள்கை உண்டு. பெரும்பகுதி யு.டி.ஆர்.பி.யைப் போலவே இருக்கும் அதில், மூன்றாவது நிபந்தனை மட்டும் வேறு: கெட்ட நோக்கத்தோடு பதிவு செய்திருந்தாலும் போதும், பயன்படுத்திவந்தாலும் போதும். ஆஸ்திரேலியாவின் டாட் ஏயூ விதியும் இப்படித்தான். இதை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணமும் நியாயமற்றதல்ல: நல்லெண்ணத்தோடு பதிந்தவர், பின்னால் அந்தப் பெயர் பிரபலமானதும் போலிப் பொருள் விற்கத் தொடங்கினால் அவரைத் தடுக்க வேண்டும் அல்லவா?

தடுக்கலாம், அதற்கு நீதிமன்றம் இருக்கிறது. சாட்சி விசாரணை இல்லாத ஒரு குறுக்குவழியை அதற்குத் திறந்துவிடுவதுதான் ஆபத்து. கோயம்புத்தூரிலோ மதுரையிலோ இரண்டு பேர் சேர்ந்து ஒரு சிறு ஆட்டம் செய்து, அதற்கு டாட் இன் முகவரி வாங்கி வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டு கழித்து ஒரு பெரிய நிறுவனம் அதே பெயரில் உலக அளவில் ஓர் ஆட்டம் வெளியிடுகிறது. அந்த இருவரின் தளத்தில் தானாக ஓடும் விளம்பரப் பட்டையில் அந்தப் பெரிய ஆட்டத்தின் விளம்பரம் ஒருநாள் வந்துவிட்டால், 'இப்போதைய பயன்பாடு கெட்ட நோக்கம்' என்று வாதிட இடம் கிடைத்துவிடுகிறது. டாட் காம் வைத்திருந்தால் பதிவு செய்த தேதியைக் காட்டி முதல் பத்தியிலேயே அதை முடித்திருக்கலாம். டாட் இன் என்றால் அந்தத் தேதி பாதிக் கேடயம்தான்.

ஆகவே இங்கே ஆட்டம் செய்பவர்கள் அதே பெயரில் டாட் காமையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. முதல் வெளியீட்டின் தேதி, பழைய திரைப்பதிவுகள், பதிவுக் கட்டண ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவதும், விளம்பரப் பட்டையில் என்ன ஓடுகிறது என்று பார்ப்பதும், மென்பொருளுக்கான வகை 9-இலும் பொழுதுபோக்குச் சேவைக்கான வகை 41-இலும் டிரேட்மார்க் விண்ணப்பம் போடுவதும் அவசியம். நிக்ஸியும் தன் பங்குக்கு அந்த மூன்றாவது நிபந்தனையை மறுபரிசீலனை செய்ய வேண்டும். அது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. நிக்ஸி தானே வகுத்த கொள்கை, தானே திருத்தவும் முடியும்.